கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மணி

என் நாத்தனார் பெவர்லியின் இடுப்பெலும்பு தேய்ந்துபோனதில் எனக்குச் சந்தோஷம் என்று சொன்னால் என்னைப் பாவி என்பீர்கள். என்றாலும் சொல்லத்தான் போகிறேன். அக்டோபரில் அவளுக்கு ஆபரேஷன் நடந்தது. மூன்று மாதத்துக்கு அடுப்படியில் நின்று வேலை செய்யக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக அவள் வீட்டை விட்டு அசையாத கிறிஸ்துமஸ் விருந்து, அந்த ஒரு பேச்சில் அவள் கையை விட்டு நழுவியது. ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த நான், உரித்ததில் பாதியை என் வாயில் போட்டுக்கொண்டு, "இந்த வருஷம் என் வீட்டுல வச்சுக்கலாம், பெவ்" என்றேன்.

"உன் வீட்டுலயா?"

"ஏன், என் வீட்டுக்குக் கூரை இல்லையா?"

"கூரைக்கு என்ன கொறச்சல். உன் காருக்கும்தான் கூரை இருந்துது."

இருபது வருஷமாக அதே குத்தல். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, விருந்துக்கு நான் கொண்டுபோக வேண்டிய ஹாமை, ஏழு கிலோ பன்றித்தொடையை, காரின் மேல் வைத்துவிட்டுச் சாவியைத் தேடினேன். சாவி கிடைத்தது. ஏறி உட்கார்ந்து ஓட்டிவிட்டேன். ஹாம் எந்த வளைவில் விழுந்தது, எந்த நாய்க்கு அன்றைக்கு யோகம் அடித்தது என்று இன்றுவரை தெரியாது. அதற்கப்புறம் பெவர்லி எனக்குக் கொடுத்த ஒரே வேலை ஐஸ் மூட்டை வாங்கி வருவது. மற்றவர்கள் சாலட் கொண்டுவருவார்கள், பாவ்லோவா கேக் கொண்டுவருவார்கள். ரேலீனாகிய நான் ஐஸ் கொண்டுபோவேன். நான் ஒழுங்கில்லாதவள், மறதிக்காரி என்று குடும்பத்தில் பெயர் விழுந்துவிட்டது.

இத்தனைக்கும் நான் இருபத்தாறு வருஷம் ஸ்கூல் பஸ் ஓட்டியவள். ஒருநாள்கூட ஒரு பிள்ளையை நேரம் தப்பி இறக்கிவிட்டதில்லை. அதுவும் எங்கள் ஊரில். நாங்கள் இருப்பது கூலங்கட்டா, பெவர்லி இருப்பது ட்வீட் ஹெட்ஸ், நடுவில் ஒரு தெருதான், அதுதான் எல்லைக் கோடு. தெருவுக்கு இந்தப் பக்கம் குயின்ஸ்லாந்து மாநிலம், அந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம். கிறிஸ்துமஸ் எங்களுக்குக் கோடையில் வரும். கோடை வந்தால் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளிக்கொள்வார்கள், நாங்கள் தள்ள மாட்டோம். இங்கே பன்னிரண்டு என்றால் தெருவைத் தாண்டியதும் ஒன்று. புது வருஷத்தை இரண்டு தடவை கொண்டாடிவிட்டு இரண்டு தடவையும் தலைவலியோடு எழுந்திருக்கிற ஊர் இது. நான் இடது கையில் இந்தப் பக்கத்துக்கு ஒரு வாட்சும் வலது கையில் அந்தப் பக்கத்துக்கு ஒரு வாட்சும் கட்டிக்கொண்டு பஸ் ஓட்டினேன். பார்க்கிறவர்கள் சிரித்தார்கள். பிள்ளைகள் நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போய்ச் சேர்ந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் பெவர்லி பதில் சொல்லும் முன்னால் அவள் மகன் வாரிக் உள்ளே வந்தான். நல்ல பையன், ஆனால் எதையும் சுலபமாக முடித்துவிட வேண்டும் அவனுக்கு. "எதுக்கு அத்தை உங்களுக்கும் கஷ்டம்? கிளப்புல பண்ணிக்கலாம். போறோம், சாப்புடறோம், வர்றோம். பாத்திரம் கழுவுற வேலகூட இல்ல. இனிமே வருஷா வருஷம் அங்கயே வச்சுக்கலாம்னு பாக்குறேன்" என்றான்.

எனக்குச் சுருக்கென்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம், பெவர்லி வீட்டுக்குப் போகிற வழியில் இருக்கிற அந்த கிளப் உணவகத்தில் கிறிஸ்துமஸ் சாப்பாடு எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு பந்தி. ஒரு பந்திக்கு ஒன்றரை மணி நேரம். மேஜைக்கு எட்டுப் பேர்தான், நாங்களோ பதினான்கு பேர், எங்களைப் பிரித்துத்தான் உட்கார வைப்பார்கள். என் மகள் டீகன் பெர்த்திலிருந்து, இந்தக் கண்டத்தின் அடுத்த ஓரத்திலிருந்து, புருஷனையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருஷத்தில் ஒரு தடவை வருகிறாள் என்றால் அது கொல்லைப்புறத்தில் கிரிக்கெட் ஆடி, சண்டை போட்டு, சோபாவில் விழுந்து தூங்கத்தான். ஒன்றரை மணி நேர வான்கோழிக்கு யார் அவ்வளவு தூரம் பறந்து வருவார்கள்? முதல் வருஷம் வருவாள். இரண்டாம் வருஷம் போன் பண்ணுவாள். அப்புறம் அவளுக்கும் பழகிவிடும், எனக்கும் பழகிவிடும். அந்தப் பழக்கத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருந்தது.

"இந்த ஒரு வருஷம் விடு, வாரிக். சரியா வரலன்னா கிளப்பு" என்றேன்.

பெவர்லி தலையணையில் சாய்ந்தபடி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி, ஒரு வருஷம் பாக்கலாம். அடுத்த வருஷ புக்கிங்க கிளப்புல கிறிஸ்துமஸுக்கு மறுநாள், பாக்ஸிங் டே அன்னிக்கு, தொறப்பாங்க. கிறிஸ்துமஸ் சாப்புட்டு முடிச்சதும் முடிவு பண்ணிக்கலாம்" என்றாள்.

பரீட்சை தேதி குறித்தாயிற்று.

நவம்பர் முதல் வாரமே தொடங்கிவிட்டேன். பஸ் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு கணக்கு உண்டு. பள்ளிக்கூட மணி அடிக்கும்போது வாசலில் நிற்க வேண்டும் என்றால், அந்த நிமிஷத்திலிருந்து பின்னால் எண்ணிக்கொண்டே வர வேண்டும், தன் வீட்டு வாசற்படி வரைக்கும். விருந்தையும் அப்படித்தான் போட்டேன். பன்னிரண்டு மணிக்குப் பதினான்கு பேரும் மேஜையில் உட்கார்ந்து இறால் உரிக்கத் தொடங்க வேண்டும். அப்படியென்றால் பதினொன்று நாற்பதுக்கு உருளைக்கிழங்கு ஓவனுக்குள் போக வேண்டும், பன்னிரண்டரைக்குச் சிவந்து வெளியே வர வேண்டும். கிழங்குக்கு இடம் வேண்டுமென்றால் பதினொன்றேகாலுக்கே வான்கோழி வெளியே வந்தாக வேண்டும். வான்கோழி அந்நேரம் வர வேண்டுமென்றால் காலை ஏழேமுக்காலுக்கு உள்ளே போக வேண்டும். வீட்டில் இருப்பது ஒரே ஓவன். அதற்குள் எது எப்போது நுழையும், எப்போது இறங்கும் என்று பஸ் ஸ்டாண்டு பலகை மாதிரி எழுதினேன்.

மூன்று தாள் ஆயிற்று. முதல் தாளில் வாங்க வேண்டியது, எந்தத் தேதியில், யார். இரண்டாம் தாளில் முந்தின நாள் வேலை. மூன்றாம் தாள் கிறிஸ்துமஸ் அன்று காலை ஆறிலிருந்து. மூன்றையும் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். பரிமாறும் தட்டுகளை எல்லாம் மேஜைமேல் பரப்பி, ஒவ்வொன்றின்மேலும் ஒரு துண்டு டேப் ஒட்டி, அதில் என்ன வரப்போகிறது என்று எழுதி வைத்தேன். கடைசி நேரத்தில் "கேரட்ட எதுல போட?" என்று யாரும் என்னைக் கேட்கக் கூடாது. என் புருஷன் கெல்வினின் வேலைகளைச் சிவப்பு மையில் எழுதினேன்.

கெல்வின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து படித்தான். "இது என்ன, 'கெல்வின் தன் பீர் பிரிட்ஜைக் காலி செய்ய வேண்டும்'?"

"ஹாம் அதுலதான் இருக்கப்போகுது. ஈரத்துணில சுத்தி வச்சு ரெண்டு நாளைக்கு ஒருக்கா துணிய மாத்தணும். அதுவும் உன் வேலைதான்."

"அப்ப என் பீரு?"

"குடிச்சுத் தீத்துரு."

"டிசம்பர் பதினஞ்சுக்குள்ள அவ்வளவையுமா?"

"உன்னால முடியாதா என்ன."

இந்த ஒரு சிவப்பு வரியை மட்டும் அவன் நான் குறித்த தேதிக்கு நான்கு நாள் முன்னாலேயே முடித்துவிட்டான்.

அழைப்பு அனுப்பும்போதுதான் நான் ஒன்று செய்தேன். அதை மரியாதை என்று நினைத்துத்தான் செய்தேன். பெவர்லி இத்தனை வருஷத்தில் ஒருதடவையாவது எங்களுக்காக நேரத்தை மாற்றிச் சொன்னதில்லை. "பன்னெண்டு மணிக்கு வாங்க" என்பாள். அது அவள் பக்கத்துப் பன்னிரண்டு என்று புரிந்துகொண்டு நாங்கள் இங்கே பதினொன்றுக்குக் கிளம்ப வேண்டும். வருஷா வருஷம் எனக்கு அது குத்தும். நான் அப்படி இருக்கக் கூடாது என்று, அவர்கள் பக்கத்து எட்டுப் பேருக்கும் அவர்கள் நேரத்திலேயே எழுதினேன். "ஒரு மணிக்கு வந்துருங்க. இறால் ரெடியா இருக்கும்." பெவர்லி போனில் ஒரு கட்டைவிரல் படத்தை மட்டும் திருப்பி அனுப்பினாள்.

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் வாரிக் போன் செய்தான். "அத்தை, கிளப்புல ஒரு குடும்பம் வரலியாம். ரெண்டு மேஜ பக்கத்துப் பக்கத்துல காலியா இருக்கு, பன்னெண்டரைக்கு. முடியலன்னா சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. எடத்த நாளைக்கு வரைக்கும் புடிச்சு வச்சிருக்கேன்."

"விட்டுரு அத" என்றேன். நான் சொன்ன விதத்தில் போனே சூடாகியிருக்கும்.

கிறிஸ்துமஸ் காலை. ஆறு மணிக்கே வெயில் ஜன்னலைத் தட்டியது. இரண்டாம் தாள் முழுக்க முந்தின நாளே கோடு அடித்தாயிற்று. புட்டிங்கை நவம்பரிலேயே அவித்துத் துணியில் கட்டித் தொங்கவிட்டிருந்தேன். இறால் நான்கு கிலோ ஐஸ்பெட்டியில். ஏழேமுக்காலுக்கு வான்கோழி உள்ளே போயிற்று. ஒன்பது மணிக்குக் கெல்வின் கொல்லைப்புற அடுப்பில் பன்றி இறைச்சியை ஏற்றினான், அதன் தோல் பொரிகிற சத்தம் பக்கத்து வீடுவரைக்கும் கேட்டது. டீகனுக்கு இன்னும் பெர்த் நேரம்தான், பத்து மணிவரை எழுந்திருக்கவில்லை. எழுந்து வந்தவள் பிரிட்ஜைப் பார்த்துவிட்டு, "அம்மா, நான் பாத்ரூம் போறதுக்கும் இதுல டைம் போட்டிருக்கியா?" என்றாள்.

"போட்டிருந்தேன். தாண்டிருச்சு. பீன்ஸ நறுக்கு."

பதினொன்றேகாலுக்கு வான்கோழி பொன்னாக வெளியே வந்தது. பதினொன்று நாற்பதுக்குக் கிழங்கு உள்ளே போயிற்று. பதினொன்று ஐம்பதுக்கு நான் முகம் கழுவி, லிப்ஸ்டிக் போட்டு, சட்டை மாற்றிக்கொண்டு மேஜைப் பக்கம் நின்றேன். பதினான்கு தட்டு, பதினான்கு நாற்காலி, அதில் ஆறு எதிர்வீட்டிலிருந்து வாங்கி வந்தவை. ஒவ்வொரு தட்டின்மேலும் இழுத்தால் வெடிக்கும் காகிதக் குழல். இவ்வளவும் நான் செய்தது. எனக்கே என்மேல் ஆசையாக இருந்தது.

பன்னிரண்டு ஆயிற்று. யாரும் வரவில்லை.

பன்னிரண்டு ஐந்துக்கு ஓவனை அணைத்தேன், உள்ளே இருப்பது காய்ந்துவிடக் கூடாது என்று. பன்னிரண்டு பத்துக்குப் பெவர்லிக்குப் போன் செய்தேன். அடித்து அடித்து ஓய்ந்தது. வாரிக்குக்கு அடித்தேன். எடுக்கவில்லை. இன்னொரு தடவை அடித்தேன். எடுக்கவில்லை. மூன்றாம் தடவை அடிக்க என் ரோஷம் விடவில்லை.

"வருவாங்க. பார்க்கிங் கெடச்சிருக்காது" என்றான் கெல்வின், இறாலில் கை வைத்துக்கொண்டே.

"நடந்து வந்தாப் பத்து நிமிஷம், இதுக்கு எதுக்குப் பார்க்கிங்? அந்த எறால கீழ வை."

பன்னிரண்டு இருபது. டீகனின் பிள்ளைகள் பசிக்கிறது என்று மேஜையைச் சுற்றத் தொடங்கினார்கள். எனக்குள் ஒரு கேள்வி முளைத்து, போகவே மாட்டேன் என்றது. வாரிக் அந்த மேஜைகளை விட்டானா, விடவில்லையா? அவர்கள் பக்கத்துப் பன்னிரண்டரைக்கு என்று சொன்னானே? ரேலீன் எங்கே செய்யப்போகிறாள், வான்கோழியைக் கார்மேல் வைத்து ஓட்டிவிடுவாள் என்று நினைத்து, எட்டுப் பேரும் அங்கே போய் உட்கார்ந்துவிட்டார்களா? சொல்லிவிட்டாவது போயிருக்கலாம் அல்லவா? அழுகையும் வந்தது, அதைவிடக் கோபம் அதிகமாக வந்தது.

"நீங்க சாப்புட ஆரம்பிங்க" என்று சொல்லிவிட்டு, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தெருவில் இறங்கினேன்.

கிளப் போகிற வழியில்தான் இருக்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்தேன். உள்ளே குளிரூட்டி ஓடுகிறது, ஜனம் நிறைய. ஒரு மேஜையில் காகிதத் தொப்பி போட்ட எட்டுப் பேர் ஒருவரை ஒருவர் பார்க்காமல் வான்கோழியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். சர்வர் பையன் ஒருவன் ஒவ்வொரு மேஜையாகக் குனிந்து, இன்னும் எவ்வளவு நிமிஷம் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்லிக்கொண்டு போனான். ஒவ்வொரு முகமாகத் தேடினேன். பெவர்லி இல்லை. வாரிக் இல்லை. வாசலில் இருந்த பெண் என் ஏப்ரனைப் பார்த்துவிட்டு, "கிச்சன் வழி பின்பக்கம், அம்மா" என்றாள். நான் திரும்பி நடந்தேன்.

இங்கேயும் இல்லை என்றதும் கோபம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. புது இடுப்பு, விழுந்துகிழுந்து வைத்தாளா? கடைசி இரண்டு தெருவை ஓட்டமும் நடையுமாகக் கடந்தேன். எனக்கும் அறுபத்துமூன்று ஆகிறது.

பெவர்லி வீட்டு வாசலிலேயே எனக்கு அந்த வாசனை வந்தது. இருபத்திரண்டு வருஷமாக கிறிஸ்துமஸ் அன்று அந்த வாசலில் வருகிற அதே வாசனை. சமையலறைக்குப் போனேன். என் நாத்தனார் உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, ஊன்றுகோலை மேடையில் சாய்த்து வைத்துவிட்டு, வெந்த வான்கோழியின்மேல் கரண்டியால் கொழுப்பை ஊற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஹாம். அடுப்பில் புட்டிங். எதிரே வாரிக் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். எக்ஸாஸ்ட் பேன் போடுகிற இரைச்சலில் எந்தப் போனும் யார் காதிலும் விழுந்திருக்காது. வாரிக்கின் போனோ அவன் கடைக்குட்டி கையில் இருந்தது, அது எதையோ சுட்டு விளையாடிக்கொண்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்ததும் வாரிக் முகத்தில் ஈயாடவில்லை. "அத்தை, சத்தியமா எனக்கு இப்பதான் தெரியும். அம்மாவக் கூட்டிட்டுப் போக வந்தா, இப்படி."

"மணி என்ன ஆகுது?" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது.

"ஒன்னு நாப்பது. ரெண்டு மணிக்குத்தான வரச் சொன்னீங்க? பத்து நிமிஷத்துல கெளம்பிருவோம்."

"ரெண்டா? ஒரு மணிக்குன்னு எழுதினேனே."

"ஆமா. உங்க ஒரு மணின்னா எங்க ரெண்டு."

"உங்களுக்காக மாத்தித்தான்டா எழுதினேன். எங்க பன்னெண்டு, உங்க ஒன்னு."

பெவர்லி கரண்டியைக் கீழே வைத்தாள். "நீ எதுக்கு மாத்தின? நான் எப்பவாவது மாத்திருக்கேனா?"

"மரியாதைக்கு மாத்தினேன்."

"அந்த மரியாதையக் கொண்டுபோய்க் குப்பைல போடு. நீ குயின்ஸ்லாந்துல இருக்க, குயின்ஸ்லாந்து நேரம் சொல்லுவன்னு நானும் மாத்தினேன். நான் காமிச்சதும் மரியாதைதான்."

இருபத்தாறு வருஷம் இரண்டு வாட்ச் கட்டினவளுக்கு இது. எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் அந்த வான்கோழியை விட்டு நகரவில்லை. நேரம் தப்பியது இருக்கட்டும், இது என்ன? ஒரு முழு விருந்து. மாற்று விருந்து. நான் கோட்டை விடுவேன் என்று முன்னாலேயே எழுதி வைத்த தீர்ப்பு.

"இது எதுக்கு, பெவ்?"

"பத்தாமப் போயிட்டா?"

"பதினாலு பேருக்கு நாலு கிலோ எறால், ஆறு கிலோ வான்கோழி, பன்னி, ஹாமு. பத்தாமப் போயிடுமா?"

வாரிக் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மெதுவாக வெளியே நழுவினான்.

"உண்மையச் சொல்லு. என்னால முடியாதுன்னுதான நெனச்ச?"

"முதல்ல அப்படித்தான் நெனச்சேன், இதெல்லாம் அப்பவே சொல்லி வாங்கி வச்சுட்டேன்" என்றாள் பெவர்லி. பொய் சொல்லத் தெரியாதவள், அந்தக் குணம் மட்டும் அவளிடம் எனக்குப் பிடிக்கும். "போன வாரம் கெல்வின் வந்து நீ ஒட்டி வச்சிருக்கிற தாளப் பத்தி எல்லாம் சொன்னான். எந்தத் தட்டுல எதுன்னு டேப் ஒட்டிருக்கியாமே. அப்ப தெரிஞ்சுது, இவ செஞ்சுருவான்னு. அதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல, ரே."

"ஏன்?"

"நீ நல்லா செஞ்சுட்டா அப்புறம் நான் என்ன பண்றது?" கையைத் துணியில் துடைத்தாள், துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். "இன்னிக்கு அஞ்சு மணிக்கு முழிப்பு வந்துருச்சு. நார்ம் செத்து நான் தனிக்கட்டை ஆனதுலருந்து இந்த வீட்டுல காலைல எழுந்தா எனக்குன்னு ஒன்னும் கெடையாது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் இருக்கும். எங்க போறதுன்னு தெரியல, காலு தானா இங்க கொண்டாந்து விட்டுருச்சு. வாரிக் கிளப்புன்னு சொன்னப்போ நான் ஒத்துக்கிட்டதும் அதுக்குத்தான். கிளப்புக்காரன் செஞ்சா அது அவன் வேல. என் எடத்துல இன்னொருத்தி நிக்கிறதப் பாக்க வேண்டாம் பாரு."

எத்தனையோ பேசித் தீர்ப்பதற்காக வந்தவள் நான். இருபது வருஷத்து ஐஸ் மூட்டைக் கணக்கே நெஞ்சில் இருந்தது. ஆனால் அந்த ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அந்தக் கணக்கை அப்படியே மடித்து வைத்துவிட்டேன். நான் ஒரு கிறிஸ்துமஸைத்தான் கேட்டேன். அவளிடம் இருந்ததும் அந்த ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள்மேல் எனக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

"அந்த வான்கோழியப் பாத்திரத்தோட தூக்கு" என்றேன். "எடுத்துட்டுப் போவோம்."

"ரெண்டு வான்கோழியா? யாரு தின்னுவா?"

"கெல்வின் இருக்கான்ல."

வாரிக்கின் காரில் எட்டுப் பேரோடு நானும் வான்கோழியும் ஏற முடியவில்லை. பிள்ளைகளை நடக்க விட்டோம். பெரியவன் புட்டிங்கைச் சுமந்தான், வாரிக்கின் மனைவி ஹாமைப் பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டாள், சின்னது ஒன்று பெவர்லியின் ஊன்றுகோலைத் துப்பாக்கியாக்கிக்கொண்டு முன்னால் போயிற்று. கொதிக்கிற தார் ரோட்டில், கோட்டைத் தாண்டி, இறைச்சி மணக்க ஓர் ஊர்வலம். கிளப்பிலிருந்து முதல் பந்தி முடிந்து வெளியே வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நான் காருக்குள் மடியில் வான்கோழியோடு உட்கார்ந்திருந்தேன். "கெட்டியாப் புடிச்சுக்கோ" என்றாள் முன்சீட்டிலிருந்து பெவர்லி. "மேல வச்சுக் கட்டச் சொல்லலியேன்னு சந்தோஷப்படு" என்றேன். அவள் சிரித்த சிரிப்பில் வாரிக் பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தான்.

நாங்கள் இறங்கும்போது எங்கள் வீட்டுக் கடிகாரத்தில் சரியாக ஒன்று. பெவர்லி அதை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "பாத்துக்கோ, எழுதின நேரத்துக்கு வந்துட்டோம்" என்றாள்.

அப்புறம் நடந்ததற்கு எந்தத் தாளிலும் இடம் இல்லை. இறாலில் பாதி ஏற்கனவே போயிருந்தது, கெல்வின் மீசையில் அதன் சாட்சி இருந்தது. இரண்டாவது வான்கோழிக்குத் தட்டு இல்லாமல், 'கேரட்' என்று டேப் ஒட்டிய தட்டில் அது உட்கார்ந்தது. கேரட் ஒரு கேக் டின்னுக்குக் குடிபோயிற்று. பதினான்கு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். குழல்கள் வெடித்தன, உள்ளேயிருந்து காகிதத் தொப்பிகள் வந்தன, சீட்டில் இருந்த அந்த மட்டமான ஜோக்குகளை வருஷா வருஷம் படிக்கிற மாதிரியே படித்துவிட்டு வருஷா வருஷம் திட்டுகிற மாதிரியே திட்டினார்கள். மின்விசிறி உச்சத்தில் ஓடியும் எல்லோருக்கும் வியர்த்து ஊற்றியது. டீகனும் வாரிக்கும் போன வருஷத்து கிரிக்கெட்டில் யார் அவுட் என்பதை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள்.

பெவர்லி மட்டும் உட்காரவில்லை. ஊன்றிக்கொண்டு பிரிட்ஜ் முன்னால் போய் நின்றாள். மூன்று தாளையும், ஒரு வரி விடாமல், விரல் வைத்துப் படித்தாள். ஓவன் பட்டியலில் அவள் விரல் நின்றது, மறுபடி மேலே போய் மறுபடி கீழே வந்தது.

"கெல்வினுக்கு ஏன் இவ்வளவு கம்மியா வேல குடுத்திருக்க?"

"அவ்வளவுதான் அவனுக்குத் தாங்கும்."

"ம்" என்றாள். "ஓவன் கணக்கு நல்லாருக்கு. எனக்கு இப்படித் தோணினதில்ல. நான் எல்லாத்தையும் தலைலதான் வச்சிருப்பேன், அதான் மத்தியானம் ஆனா எல்லார்மேலயும் எரிஞ்சு விழுவேன்." அதைச் சொல்லிவிட்டு வந்து, நான் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தாள். கிறிஸ்துமஸ் அன்று அவள் சாப்பாட்டு மேஜையில் முதல் கரண்டிக்கே உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. என்ன செய்வதென்று தெரியாமல் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். நான் தட்டை எடுத்துப் பரிமாறினேன்.

தட்டுகள் பாதி காலியான நேரத்தில் வாரிக் தொண்டையைச் செருமினான். "சரி, நாளைக்கு கிளப்புல புக்கிங் தொறக்குறாங்க. அம்மாவுக்கும் சிரமம், அத்தைக்கும் சிரமம். இன்னிக்கு நடந்த கூத்தயும் பாத்தோம். என்ன பண்ணலாம், அம்மா? நீதான் சொல்லணும்."

டீகன் என்னைப் பார்த்தாள். நான் என் தட்டைப் பார்த்தேன். இத்தனை நாள் எண்ணி எண்ணிக் கொண்டுவந்து நிறுத்திய வண்டி இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நின்றுகொண்டிருந்தது.

பெவர்லி அவசரப்படவில்லை. தன் வான்கோழியை ஓரமாக ஒதுக்கிவிட்டு, என் உருளைக்கிழங்கில் ஒன்றை முள்கரண்டியால் குத்தி எடுத்தாள். வெளியே நன்றாகச் சிவந்திருந்தது. வாயில் போட்டாள். மென்றாள். மெல்வதை நிறுத்தினாள். நான் பன்னிரண்டு ஐந்துக்கு ஓவனை அணைத்தது, திரும்பி வந்த சந்தோஷத்தில் மறுபடி போடாமலே எடுத்துப் பரிமாறியது, எல்லாம் அந்த நொடியில்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

"ரே, இது உள்ள வேகவே இல்ல" என்றாள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. பிறகு மகன் பக்கம் திரும்பினாள். "கிளப்புல போய் உக்காந்தா இத நான் யாருகிட்டடா சொல்றது?"

நான் எழுந்து கிழங்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் ஓவனை மூட்டினேன். இன்னும் இருபத்தைந்து நிமிஷம் ஆகும் என்று சமையலறையிலிருந்தே சொன்னேன். யாரும் எழுந்து போகவில்லை.